இருமலுக்கு ஐந்து புள்ளி

மற்றவன் ஓட, மற்றவன் விழ, மற்றவன் முட்டி தேய, தான் மட்டும் நாற்காலியில் சாய்ந்தபடி வெற்றி பெறுவதுதான் மனித நாகரிகத்தின் உச்சி என்பதில் அறிவுள்ளவர்களுக்குள் இரண்டு கருத்து இருக்க முடியாது. அந்த உச்சியில் சொந்தமாக ஒரு நாற்காலியைக் கொண்டுபோய்ப் போட்ட பெருமகனார் நம் நிறுவனர். அவருக்குச் சிலை வைக்க வேண்டும். வைக்கும்போது உட்கார்ந்த நிலையிலேயே வைத்துவிடுவது நல்லது.

நிறுவனருக்கு ஓர் அக்கா உண்டு. அக்காவுக்கு ஒரு கணவர் உண்டு. அந்தக் கணவர் நகர விளையாட்டரங்கத்தில் ஸ்கோரர். அரங்கத்தின் மூலையில் மரப்படி ஏறிப் போனால் ஒரு சின்ன அறை. அதில் உட்கார்ந்துகொண்டு யார் எத்தனை அடித்தார், யார் எப்போது ஆட்டமிழந்தார் என்று எழுதுவார். நிரந்தர உத்தியோகம். மழை வந்தால் ஆட்டம் நிற்கும், சம்பளம் நிற்காது. இப்படிப்பட்ட வேலையை விட்டுவிட்டு வரக்கூடிய ஒருவரைத்தான் நிறுவனர் வெகுநாளாகத் தேடிக்கொண்டிருந்தார்.

தேடல் பெரும்பாலும் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நடந்தது. இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டே, "அத்தான், நீங்க அங்க வீணாப் போறீங்க" என்பார். ஃபேன்டசி லீக் என்றால் என்ன என்று பொறுமையாக விளக்குவார். எங்கோ ஒரு மைதானத்தில் நிஜமான ஆட்டம் நடக்கும். ரசிகர்கள் வீட்டில் இருந்தபடி அந்த ஆட்டக்காரர்களில் தங்களுக்குப் பிடித்தவர்களைப் பொறுக்கி ஓர் அணி வைத்துக்கொள்வார்கள். ஆட்டக்காரர் அடித்தால் ரசிகருக்குப் புள்ளி. யார் அணிக்குப் புள்ளி அதிகமோ அவர் வென்றார். புள்ளியைச் சரியாகப் போட ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் வீட்டு ஆளாக இருந்தால் கூடுதல் நிம்மதி.

ஸ்கோரர் தயங்கினார். அக்கா தயங்கவில்லை. "தம்பி கூப்பிடுறான்ல, போங்களேன். எனக்கு லைப்ரரி வேலை இருக்கு. அது எங்கேயும் ஓடிடாது" என்றாள். அவள் நகர நூலகத்தில் புத்தகம் வழங்கும் பிரிவில் இருந்தாள். அந்த வீட்டின் கூரை அன்று முதல் அந்த ஒரு நிரந்தரச் சம்பளத்தின்மேல் நின்றது.

இப்படியாக 'வெற்றி நாற்காலி' என்ற இணையதளம் உருவானது. கீழே டயர் கடை, மேலே நிறுவனம். கூட்டம் நடக்கும்போதெல்லாம் ரப்பர் வாசம் தவறாமல் கலந்துகொள்ளும். காவலாளியையும் கணக்கு எழுதிய கணக்கு அம்மாவையும் சேர்த்துப் பதினோரு பேர் பணியாற்றினார்கள், எல்லோருமே 'தலைமை'. கணினி வேலை பார்த்த தாடிக்காரர் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி. அவருக்குக் கீழே வேலை செய்ய ஆள் இல்லை என்பது அவர் தலைமைக்கு எந்த இழுக்கையும் உண்டாக்கவில்லை. விளம்பர வேலை பார்த்த அம்மையாரை எல்லோரும் விளம்பர மேடம் என்றார்கள். ஸ்கோரருக்குத் 'தலைமைப் புள்ளியாளர்' என்று அட்டை அடித்துக் கொடுத்தார்கள். வீட்டில் 'மாப்ளே' என்று கூப்பிட்ட மைத்துனரை அலுவலகத்தில் 'நிறுவனர்' என்று கூப்பிட வேண்டும் என்ற ஒழுங்கும் வந்தது. ஸ்கோரர் இரண்டு நாளில் பழகிக்கொண்டார்.

ஒரே ஒரு சின்ன இடைஞ்சல். இதே தொழிலில் ஏற்கெனவே ஒரு பெரிய தளம் இருந்தது. எதிர்க் கட்டடத்தின் நெற்றி முழுக்க அதன் விளம்பரம்தான். நம் அலுவலகத்தில் அதன் பெயரைச் சொல்லக் கூடாது என்று தீர்மானம் போட்டிருந்ததால் 'யானை' என்றார்கள். கிரிக்கெட் ஆட்டங்களின் புள்ளிவிவரத்தை யானை மொத்தமாகக் குத்தகை எடுத்திருந்தது. கால்பந்துக்குப் போனார்கள், யானை அங்கேயும் உட்கார்ந்திருந்தது. கபடி, கேரம், சதுரங்கம் என்று தேடித் தேடிப் போய்க் கடைசியில் ஒரு பள்ளிக்கூடத்துச் சாக்கு ஓட்டம் வரைக்கும் கேட்டுப் பார்த்தார்கள். தலைமை ஆசிரியர் வருத்தத்தோடு, போன வாரம்தான் யானையிடம் கையெழுத்துப் போட்டேன் என்றார்.

உடனே 'அவசர வியூக அமர்வு' கூடியது. ஆட்டமே இல்லாமல் ஆட்டத் தளம் நடத்துவது எப்படி என்பது பொருள். காலையில் தொடங்கி மதியம் வரை எல்லோரும் ஆழமாகப் பேசினார்கள். நிறுவனர் சன்னலோரம் நின்று எதிர்க் கட்டடத்தை முறைத்தார். பிறகு திரும்பி, நாற்காலிகளில் சாய்ந்திருந்த தம் பரிவாரத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். மாமனிதர்களுக்கு ஞானம் வரும் நேரம் அது.

"வேற எங்கேயும் ஆட்டம் தேட வேணாம். நாமளே ஆடுவோம்" என்றார்.

தாடிக்காரர் தாடியைத் தடவினார். "நாம என்ன சார் ஆடுறது?"

"வேலை."

அறையில் ஒரு பயம் பரவியது. நிறுவனர் அதை அமைதிப்படுத்தினார். வேலை செய்ய வேண்டியதில்லை, வழக்கம்போல இருந்தால் போதும் என்று தெளிவுபடுத்தினார். அலுவலகம் முழுக்கக் காமிரா வைத்துவிடுவது. ரசிகர்கள் ஊழியர்களில் ஐந்து பேரைப் பொறுக்கி அணி அமைத்துக்கொள்வது. ஊழியரின் அலுவலகச் செயல்களுக்குப் புள்ளி. தாமே வேலை செய்யப் பிடிக்காதவர்கள் உலகத்தில் கோடிக்கணக்கில் உண்டு, பிறர் வேலை செய்வதைப் பார்க்கப் பிடிக்காதவர் ஒருவர் உண்டா என்று கேட்டார். உலகின் முதல் 'அலுவலக ஃபேன்டசி லீக்' கைதட்டலோடு பிறந்தது. யானையிடம் எல்லா மைதானமும் இருந்தது. டயர் கடை மாடி இல்லை.

புள்ளி அட்டவணையை எழுதும் பொறுப்பு ஸ்கோரருக்கு வந்தது. வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து எழுதினார். ஒரு வேலையை முடித்தால் இருபது புள்ளி என்று முதலில் போட்டிருந்தார். நிறுவனர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"அத்தான், ஒருத்தன் தலையைக் குனிஞ்சு உட்கார்ந்து வேலை பாக்குறதை எவன் பாப்பான்? அதுக்கு ஒரு பாயிண்ட் போதும்."

ஆகவே திருத்தப்பட்டது. கூட்டத்தில் பேசினால் பத்து. 'இதை வேறொரு கோணத்தில் பார்க்கலாம்' என்றால் பதினைந்து. நிறுவனர் சொன்னதையே வேறு வார்த்தையில் திருப்பிச் சொன்னால் இருபது. நிறுவனர் சொன்னதை மறுத்தால் கழித்தல் ஐம்பது. தேநீர்க் கோப்பையோடு வேகமாக நடந்தால் மூன்று. அழகான அட்டவணை. பார்த்தவர்கள் எல்லோரும் இதில் ஒன்றும் விட்டுப்போகவில்லை என்றார்கள்.

ஒன்று விட்டுப்போயிருந்தது. புள்ளி போடுபவருக்குப் புள்ளி இல்லை. ஸ்கோரர் தம் தொழில் காலம் முழுக்க மரப்படி அறையில் இருந்தவர். ஸ்கோரரும் ஆடுகிறவர்தான் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. மைதானத்தில் அது சரி. ஆனால் இங்கே தளத்தின் பக்கத்தில் படங்களை மூன்று வரிசையாக அடுக்கியபோது கடைசி வரிசையில் ஓர் இடம் காலியாகத் தெரிந்தது. "குடும்பத்து ஆளுதானே அத்தான், நீங்களும் நில்லுங்க" என்றார் நிறுவனர். ஸ்கோரர் கூச்சத்தோடு படம் எடுத்துக்கொண்டார். படம் நன்றாக வந்ததில் அவருக்கு உள்ளூர மகிழ்ச்சி.

நாடா வெட்டித் தளம் தொடங்கப்பட்டது. முதலில் வந்தவர்கள் ஊழியர்களின் உறவினர்கள். பிறகு உறவினர்களின் அலுவலகத்தார். பிறகு அடுத்தடுத்த அலுவலகங்கள். எல்லோரும் தங்கள் வேலை நேரத்தில், தங்கள் வேலையை ஓரமாக வைத்துவிட்டு, வெற்றி நாற்காலியார் வேலை செய்யாமல் இருப்பதை மூச்சுப் பிடித்துப் பார்த்தார்கள். கூட்டம் சேர்ந்ததும் ரசிகர்களிடமிருந்து ஒரு முறையீடு வந்தது. யாரும் தோற்காத ஆட்டத்தில் என்ன ருசி இருக்கிறது என்று கேட்டார்கள்.

விளம்பர மேடம் இதை அமர்வில் வைத்தார். மாதக் கடைசியில் ரசிகர்கள் குறைவாகத் தேர்ந்தெடுத்தவர் 'வெளியேறுவார்' என்று வைக்கலாம் என்றார். சும்மா விளையாட்டுக்குத்தானே என்று யாரோ கேட்டார்.

"நிஜமா அனுப்பணும். யானையால ஒரு ஆட்டக்காரரை வீட்டுக்கு அனுப்ப முடியுமா? முடியாது. நம்மளால முடியும். அதுதான் நம்ம பலம்" என்றார் மேடம்.

நிறுவனரின் கண் கலங்கியது. எதிரியை வீழ்த்தும் ஆயுதம் தம் சொந்த ஊழியர்களின் வயிற்றில் இருப்பதைக் கண்டுகொண்ட கண்ணீர் அது. யாரை எத்தனை பேர் எடுத்தார்கள் என்ற தேர்வு எண்ணிக்கை மாதக் கடைசி வரை மூடி வைக்கப்படும், புள்ளி மட்டும் உடனுக்குடன் தெரியும் என்று முடிவாகியது. முடிவை வேறு வார்த்தைகளில் திருப்பிச் சொல்லி எல்லோரும் ஆளுக்கு இருபது வாங்கிக்கொண்டார்கள். ஸ்கோரர் எழுதி முடித்து நிமிர்ந்தபோதுதான் தம் பெயருக்கு நேரே ஒன்றும் இல்லை என்பதைக் கவனித்தார்.

அந்த மாதம் அலுவலகம் கண்ட சுறுசுறுப்பு அதுவரை காணாதது. ஓயாமல் கூட்டம். கோப்பைகள் காலியாகவே வேகமாக நடமாடின. தளத்தில் பழுது வந்தால் தாடிக்காரர் அதைச் சரிசெய்வதை நிறுத்திவிட்டார். சரிசெய்தால் ஒரு புள்ளி. ஏன் சரியாகவில்லை என்று விளக்கினால் பத்து. அதையே வேறு கோணத்தில் விளக்கினால் பதினைந்து. அவரும் பிள்ளைகுட்டிக்காரர். ரசிகர்களுக்குத் தளம் விட்டுவிட்டுத்தான் தெரிந்தது, தெரிந்தவரை ரசித்தார்கள்.

ஸ்கோரருக்குத் தூக்கம் போனது. படத்துக்குக் கீழே தினமும் பூஜ்யம். யோசித்துப் பார்த்து, தாமும் ஒரு கூட்டத்தில் எழுந்து பேசினார். நன்றாகத்தான் பேசினார், தளத்தின் வேகத்தைப் பற்றி உருப்படியான இரண்டு யோசனை கூட இருந்தது. பேசி முடித்து உட்கார்ந்த பிறகு விஷயம் உறைத்தது. அவர் பேசும்போது, அவர் பேசினார் என்று எழுத அங்கே ஆள் இல்லை.

தாடிக்காரரைத் தனியாகப் பிடித்துக் கேட்டார். "தம்பி, நான் பேசுறப்ப மட்டும் நீங்க கொஞ்சம் எழுதுங்களேன்."

"எழுதலாம் சார். எழுதினா எனக்கு எத்தனை பாயிண்ட்?"

ஸ்கோரர் அட்டவணையைப் புரட்டினார். அவர் கையாலேயே எழுதிய அட்டவணை. அதில் ஒன்றும் இல்லை. தாடிக்காரர் அனுதாபத்தோடு தலையாட்டிவிட்டு, காலிக் கோப்பையை எடுத்துக்கொண்டு வேகமாக நடந்தார். ஸ்கோரர் கடமை தவறாமல் மூன்று போட்டார்.

பிறகு உட்கார்ந்து தாமே தம் பேச்சுக்குப் பத்து எழுதிக்கொள்ளலாமே என்று கேட்கத் தோன்றும். இங்கேதான் அந்த மனிதரின் நேர்மை குறுக்கே வந்தது. கண்ணால் பார்க்காத எதையும் அவர் தம் வாழ்நாளில் எழுதியதில்லை. தாம் பேசுவதைத் தாம் எப்படிப் பார்ப்பது? பேனாவை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார், கண்ணாடியைத் துடைத்தார். எழுதவில்லை.

இந்த நேர்மை நிறுவனர் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் இளகிக் கொடுத்தது. நிறுவனர் கூட்டங்களில் பெரும்பாலும் சன்னலோரம் நிற்பார். நிற்பதற்கு அட்டவணையில் புள்ளி இல்லை. ஒரு நாள் அவர் பெயர் நான்காம் இடத்துக்கு இறங்கிவிட்டது. அன்று மாலை அக்கா வீட்டில் அவர் சரியாகச் சாப்பிடவில்லை; அதனால் அக்கா தன் கணவரோடு சரியாகப் பேசவில்லை. மறுநாள் கூட்டத்தில் நிறுவனர் இருமினார். இருமிவிட்டு ஸ்கோரரைப் பார்த்தார்.

"அத்தான், தலைவன் இருமினா அதுலயும் ஒரு கருத்து இருக்கும்ல?"

ஸ்கோரர் ஐந்து போட்டார். இருமலைக் காதால் கேட்டாயிற்று, கருத்து இருந்திருக்கலாம். அடுத்த நாள் நிறுவனர் சன்னலைத் திறந்தார். 'தொலைநோக்கு' என்று எழுதி முப்பது. கொட்டாவி விட்டார்; 'ஆழ்ந்த சிந்தனை', இருபத்தைந்து. வீட்டில் சாப்பாடு ஒழுங்காக நடந்தது. மாதக் கடைசியில் நிறுவனர் யாரும் எட்டாத உயரத்தில் இருந்தார். ரசிகர்கள் எல்லோரும் அவரையே அணித் தலைவராக வைத்துக்கொண்டார்கள். புள்ளி பொய் சொல்லுமா?

தேர்வு எண்ணிக்கை திறக்கும் நாளுக்கு முந்தின மாலை ஸ்கோரர் மனைவியிடம் கேட்டுவிட்டார். அவளும் ஆடுகிறாள் என்பது தெரியும். நூலகத்திலிருந்து வந்ததும் கைப்பேசியோடு உட்கார்ந்துவிடுவாள். தம்மை அணியில் சேர்த்துக்கொள்ளும்படி அவர் கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் சொன்னார். ஊருக்கெல்லாம் வேண்டாம், ஒரே ஒருத்தர் எடுத்தாலும் காவலாளியோ கணக்கு அம்மாவோ தமக்குக் கீழே வந்துவிடக்கூடும் என்று கணக்குப் போட்டு விளக்கினார். வேலை போய்விட்டால் அரங்கத்துக்குத் திரும்ப முடியாது, அங்கே வேறு ஆள் வந்தாயிற்று என்பதையும் சொன்னார். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "பாத்துக்கலாம், கவலைப்படாதீங்க" என்றாள். அன்று அவர் தூங்கினார்.

மறுநாள் காலை மூடி திறக்கப்பட்டது. நிறுவனருக்கு அனைவரும். காவலாளிக்கு இருபத்தாறு பேர். கணக்கு அம்மாவுக்குப் பதினொன்று. ஸ்கோரருக்குப் பூஜ்யம். ஒருவர் கூட இல்லை. அவர் அந்தப் பூஜ்யத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஊராருடைய பூஜ்யம் அவருக்குப் பழகியிருந்தது. இதற்குள் தம் வீடும் இருக்கிறது என்பதுதான் பழகவில்லை.

வெளியேற்று விழாவில் நிறுவனர் உருக்கமாகப் பேசினார். மக்கள் தீர்ப்பு என்றார், குடும்பம் என்றும் பார்க்காத நியாயம் என்றார், யானையிடம் இந்தத் துணிச்சல் உண்டா என்று கேட்டார். காமிராக்கள் நான்கும் ஸ்கோரரின் முகத்தில் நின்றன. உரை முடிந்ததும் அனைவரும் ஸ்கோரரைத் திரும்பிப் பார்த்தார்கள், புள்ளிக்காக. தம்மை அனுப்பும் உரைக்குத் தாமே நூறு போட்டு, கீழே கோடு இழுத்து, பேனாவை மூடி வைத்துவிட்டுப் படி இறங்கிய உத்தமர் உலகில் அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். கீழே டயர் கடையில் ஒருவர் டயர் மாற்றிக்கொண்டிருந்தார். அவருக்கு யாரும் புள்ளி போடவில்லை, அவரும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

ஸ்கோரர் வெயிலில் எங்கெங்கோ சுற்றிவிட்டு மாலையில்தான் வீட்டுக்கு வந்தார். வீட்டில் ஒரே கலகலப்பு. அந்த மாத லீக்கில் முதல் பரிசு அவர் மனைவிக்கு. பரிசு, 'நிறுவனருடன் ஒரு வேளை விருந்து'. தினமும் வந்து சாப்பிடுகிற தம்பி அன்று பரிசாக வந்து உட்கார்ந்திருந்தார். நேற்று சாப்பிட்ட அதே நாற்காலி, அதே தட்டு; விளம்பர மேடம் அனுப்பிய ரோஜா மாலை மட்டும் புதிது.

"அத்தான், நீங்க போனதுக்கப்புறம் ஒரு சின்னத் தடங்கல்" என்று நிறுவனர் சாப்பிட்டபடியே விவரித்தார். பேசினால் எழுத ஆள் இல்லை என்று தெரிந்ததும் ஒருவரும் வாயைத் திறக்கவில்லையாம். கூடிய கூட்டம் கூடிய வேகத்தில் கலைந்ததாம். புள்ளி நகராததைப் பார்த்து ரசிகர்கள் எல்லோரும் சாயங்காலத்துக்குள் யானையிடம் போய்விட்டார்களாம். ஆகவே தளத்துக்கு நாளை முதல் 'காலவரையற்ற புத்துணர்வு இடைவேளை'. இதில் பெரிய பாடம் கற்றுக்கொண்டதாகவும், அடுத்த முயற்சிக்கு இது உரம் என்றும் சொல்லி, இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டார்.

ஸ்கோரர் சமையலறைக்குள் போனார். மனைவி குழம்பைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னை எடுக்கலையே நீ" என்றார். சத்தமாகச் சொல்ல நினைத்தது மெதுவாகத்தான் வந்தது.

அவள் திரும்பாமலே சொன்னாள். "உங்களை எடுத்தா நான் தோத்துடுவேன்ல? அதான் ஒரு தடவை எடுத்தாச்சே, கல்யாணத்துல. அது போதாதா?"

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. இத்தனை நாள் அடக்கி வைத்தது வாய்க்கு வந்துவிட்டது. "உன் தம்பி அங்க ஒண்ணுமே பண்ணல. சன்னலத் திறந்தான். கொட்டாவி விட்டான். இருமினான். அவ்வளவுதான் அவன் பண்ணினது."

கரண்டி பாத்திரத்துக்குள் விழுந்தது. "அப்போ அவன் பேருக்கு எதிர்ல இருந்ததெல்லாம்?"

"நான் போட்டது. வீட்டுல மனக்கசப்பு வேணாம்னு."

கூடத்தில் நிறுவனர் குழம்பு எங்கே என்று கேட்டார். அவள் அசையவில்லை. கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி கணவரையே பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"மதியம் தம்பி போன் பண்ணினான்" என்றாள். "ஒரு இடம் காலியாயிருக்கு, நீ வந்துடு அக்கான்னான். தளம் ஓடினாலும் ஓடாட்டியும், இவ்வளவு பெரிய ஆளுகிட்ட வேலை பாத்தா நாம ரெண்டு பேரும் பொழைச்சுக்கலாம்னு நெனச்சேன். அவன் சொன்னதை நம்பி இல்ல. அவன் சின்ன வயசுலேருந்து எப்படின்னு எனக்குத் தெரியாதா? நீங்க எழுதியிருந்தீங்க. நீங்க பொய் எழுத மாட்டீங்கன்னு நம்பித்தான் இன்னிக்கு லைப்ரரி வேலையை விட்டுட்டு வந்தேன்."